ஒதுங்கி நிற்கச் சொன்னது யார்?

தபுதாரன் என்றொரு சொல் தமிழில் இருக்கிறது. மனைவியை இழந்த ஆணைக் குறிப்பது. இதனை வாசிக்கும் அன்பர்களில் பலர் அச்சொல்லை வாழ்நாளில் ஒரு தடவையேனும் உச்சரித்திருக்க மாட்டார்கள். முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகை அலுவலகங்களில் சொற்களோடு சீவியம் நடத்தி வரும் நானும் அதனைப் படிவங்களிலும், எப்போதாவது ‘மணமகள் தேவை’ விளம்பரங்களிலும் மாத்திரமே கண்டிருக்கிறேன். மனைவியை இழந்த ஒருவரைப் பற்றிப் பேசும்போது, "பாவம், மனுசி செத்துப் போச்சுது" என்பதோடு ஊர் நிறுத்திக் கொள்கிறது. அவருக்கென்று தனியாக ஒரு பெயர் சூட்ட வேண்டிய தேவை எவருக்கும் ஏற்படுவதில்லை.

கணவனை இழந்த பெண்ணைக் குறிக்கவோ சொற்களுக்குப் பஞ்சமில்லை. விதவை, கைம்பெண், அமங்கலி, அறுதலி, மூளி, முண்டச்சி... இவற்றிற் சில ஏட்டில் வழங்குபவை. சில வேலிச் சண்டைகளில் வழங்குபவை. ஒரு பெண்ணின் துயரமே அவளைத் திட்டுவதற்கு உதவும் சொல்லாக மாறிவிட்டது என்பதைச் சற்று நிதானித்து எண்ணிப் பார்க்க வேண்டும். தபுதாரன் என்று எவரும் எவரையும் திட்டியதாக நான் அறியேன்.

தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித் திணையின் துறைகளைச் சொல்லுமிடத்து இரண்டு நிலைகளை அடுத்தடுத்து வைக்கிறது. மனைவியை இழந்தவனின் நிலை தபுதார நிலை. கணவனை இழந்தவளின் நிலை தாபத நிலை. தபுதல் என்றால் இறத்தல், தாரம் மனைவி. ஆகவே ஆணுக்குரிய சொல் அவனுக்கு நேர்ந்த இழப்பைச் சொல்கிறது. தாபதம் என்பது தவம். பெண்ணுக்குரிய சொல், அவள் இனிமேல் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்காக மனனம் செய்த இவ்விரு சொற்களும், பிற்காலத்தில் செய்தியாளனாக ஊர் ஊராகத் திரிந்தபோதுதான் முழுப் பொருளோடு எனக்கு விளங்கத் தொடங்கின.

1970களில் யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் வளர்ந்த எவருக்கும் ‘முழுவியளம்’ என்ற சொல் தெரிந்திருக்கும். ஒரு காரியமாக வெளிக்கிடும்போது எதிரே முதலில் வருவது யார், எது என்று பார்ப்பதுதான் முழுவியளம் பார்த்தல். நிறைகுடத்தோடு வரும் பெண் நல்லது. பசுவும் கன்றும் நல்லது. எண்ணெய் வைத்த தலை, விறகுக்கட்டு, ஒற்றைப் பிராமணர் ஆகியவை கூடாதவை. அந்தக் கூடாதவற்றின் பட்டியலிலே விதவைப் பெண்ணும் இருந்தாள். விறகுக்கட்டுக்கு அதனால் மனவருத்தம் எதுவும் இல்லை. பிராமணர் கோயிலுக்குள் போனதும் மதிப்புக்குரியவராகி விடுவார். எண்ணெய்த் தலை முழுகினால் சரியாகிவிடும். அந்தப் பெண் ஒருத்திதான் காலை முதல் மாலை வரை, வருடம் முழுவதும், சாகும்வரை கூடாதவளாகவே இருந்தாள்.

எங்கள் வீட்டில் யாராவது நேர்முகப் பரீட்சைக்கோ, கலியாணம் பேசவோ, கொழும்புக்கோ புறப்பட்டால், சிறுவர்களில் ஒருவரை அப்பாச்சி படலையடிக்கு அனுப்புவார். ஒழுங்கையிலே யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். யாரைப் பார்க்க வேண்டும், யாரைப் பார்க்கக் கூடாது என்று எங்களுக்கு எவரும் உட்கார்த்தி வைத்துப் பாடம் நடத்தவில்லை. மூன்றாவது வளவில் வசித்த வெள்ளைச் சேலை ஆச்சி வந்தால் கொஞ்சம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். அதே ஆச்சிதான் எங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது மல்லித்தண்ணீர் அவித்துக் கொண்டு வந்தவர். அவர் கையால் மல்லித்தண்ணீர் குடிக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துப் பயணம் போகக் கூடாது! இந்த முரண்பாடு பிள்ளைகளாகிய எங்களுக்கோ பெரியவர்களுக்கோ ஒரு முரண்பாடாகவே தோன்றியதில்லை. சமூகமயமாக்கம் என்று பாடப்புத்தகம் பெரிய சொல்லாற் குறிப்பிடுவது இதைத்தான். காரணம் சொல்லப்படாமல் உள்ளே இறங்கும் கல்வி அது. காரணம் சொல்லப்படாததனாலேயே அதனை எதிர்த்துக் கேட்கவும் வழியில்லாமற் போகிறது.

ஆனால் நான் இங்கு சொல்ல வந்தது படலையடியில் நின்ற பிள்ளைகளைப் பற்றியன்று. அந்த ஆச்சியைப் பற்றியது. எங்கள் வீட்டு வாசலிலே பெட்டியும் கையுமாக யாராவது நிற்பதைத் தூரத்திலிருந்து கண்டாரானால், எவரும் சொல்லாமலே அவர் வேலியோரம் திரும்பி நின்று விடுவார். முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டு, பூவரசமிலை பிடுங்குவது போலப் பாவனை செய்வார். கார் போன பிறகு, எதுவுமே நடவாதது போல எங்களிடம் வந்து, "நல்லபடியாப் போட்டினமோ?" என்று கேட்பார்.

ஒரு கட்டுப்பாடு அதன் உச்சத்தை அடைவது, அதைக் காவல் காக்க ஆள் தேவைப்படாத நிலையிலேதான். பொலிசும் வேண்டாம், பஞ்சாயத்தும் வேண்டாம், மாமியாரின் கடைக்கண்ணும் வேண்டாம். அந்தப் பெண்ணே தனக்குக் காவலாளியாகி விடுகிறாள். ஊர் முதலில் அவளிடம், "நீ துரதிர்ஷ்டசாலி" என்கிறது. பிறகு, "உன்னால் மற்றவர்களுக்கும் துரதிர்ஷ்டம் வரும்" என்கிறது. முதலாவது அனுதாபம் போலத் தோன்றும். இரண்டாவது குற்றச்சாட்டு. இந்த இரண்டாவதை அவள் நம்பத் தொடங்கும்போது, தன் பிள்ளைகளிடமிருந்தே தன்னைத் தள்ளி வைத்துக் கொள்கிறாள். அன்புக்கும் அச்சத்துக்கும் இடையே வேறுபாடு தெரியாமற் போகிறது.

இதனை என் சொந்தக் குடும்பத்திலேயே மிக நெருக்கமாகக் கண்டேன். என் தாயாரின் தங்கை, நாங்கள் சின்னம்மா என்று அழைப்பவர், 1987 இல் எறிகணை வீச்சொன்றில் கணவனை இழந்தார். அப்போது அவருக்கு வயது 33. ஆசிரியையாக இருந்தவர். மூத்தது பெண், வயது ஐந்து. இளையது ஆண், வயது இரண்டு. எட்டுச்செலவு முடிந்து அந்தியேட்டியும் கழிந்த பிறகு அவர் மீண்டும் பாடசாலைக்குப் போகத் தொடங்கினார். 1995 இடப்பெயர்வின்போது இரண்டு பிள்ளைகளையும் ஒரு சைக்கிளையும் ஒரு சூட்கேசையும் கொண்டு தென்மராட்சிக்குப் போய்த் திரும்பி வந்தவர் அவர். கூரை திருத்தியது, கிணறு இறைப்பித்தது, மகனுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தபோது ஊரடங்கு நேரத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றது எல்லாம் அவரே. பாடசாலையிலே அவர் குரலுக்கு உயர்தர வகுப்பு மாணவர்கள் அடங்குவார்கள்.

அத்தகைய சின்னம்மா, ஒரு பொன்னுருக்கு வீட்டிலோ, சாமத்திய வீட்டிலோ சமையற்கட்டைத் தாண்டி வெளியே வந்ததை நான் கண்டதில்லை. பலகாரம் சுடுவதில் அவருக்கு நிகர் எங்கள் பகுதியில் இல்லை. அதனால் ஒவ்வொரு சுபகாரியத்துக்கும் அவரை அழைக்க வேண்டியிருந்தது. முதலாவது பணியாரத்தைத் தாச்சியிலே போடுவதற்குச் சுமங்கலி ஒருத்தியை அழைப்பார்கள். எஞ்சிய முந்நூறையும் சின்னம்மா சுடுவார். மங்கலம் என்பது முதற் பணியாரத்தில் மட்டுந்தான் இருக்கிறது போலும்!

2010 இல் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. அழைப்பிதழிலே தாய்மாமனும் மாமியும் அழைப்பதாக அச்சிடலாம், கன்னிகாதானத்தையும் அவர்களே செய்து வைக்கலாம் என்று முதலில் சொன்னவர் சின்னம்மாவேதான். எவரும் அவரை வற்புறுத்தவில்லை. "தான் பின்னுக்கு நின்று பார்த்தாற் போதும்" என்றார். அறுகரிசி போடவும் மாட்டேன் என்றார். மகள் எவ்வளவோ கேட்டும் மசியவில்லை. "உன்ர நன்மைக்குத்தான் பிள்ளை சொல்லுறன்" என்பதே அவரது பதில்.

அந்த மகள் பல்கலைக்கழகத்திலே கணக்கியல் படித்தவள். கண்ணீரும் கோபமும் பயன்படாது என்று கண்டதும் கணக்கை எடுத்தாள். "அம்மா, நான் கம்பசுக்குப் போன நாலு வருசமும் ஒவ்வொரு நாளும் உங்கட முகத்திலைதானே முழிச்சனான்? நீங்கள்தானே படலையைத் திறந்து விட்டனீங்கள்? சோதினையளுக்கும் அப்பிடித்தானே போனனான்? அதாலை எனக்கு என்ன குறைஞ்சது எண்டு ஒண்டைச் சொல்லுங்கோ. ஒண்டே ஒண்டு." சின்னம்மாவால் ஒன்றையும் சொல்ல முடியவில்லை. உயர்தரம் முதலாந் தடவையிலேயே சித்தி, முதல் வகுப்புக்கு அண்மித்த பெறுபேறு, வங்கியிலே தொழில். தன் முகத்தில் விழித்துப் புறப்பட்ட பிள்ளை அடைந்தவை இவை.

திருமணத்தன்று சின்னம்மா முன்வரிசைக் கதிரையில் அமர்ந்திருந்தார். ஆரத்தி எடுக்கவில்லை; அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. ஆனால் மணவறைக்கு ஏறி இருவர் தலையிலும் அறுகரிசி போட்டார். கை நடுங்கியது. சபையிலே ஓரிருவர் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டார்கள். ஐயர் மந்திரத்தை நிறுத்தவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

கதை இத்துடன் சுபமாக முடிந்துவிட்டது என்று எழுதினால் வாசகர்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் உள்ளே இறங்கிய கல்வி அவ்வளவு எளிதாக வெளியேறுவதில்லை. சில மாதங்களுக்குப் பின்னர் நான் ஊருக்குப் போயிருந்தபோது சின்னம்மா மெல்லச் சொன்னார்: "தம்பி, அவளுக்குத் தலையிடி எண்டு போன் வந்தாலும் எனக்கு நெஞ்சு பதைக்குது. நான் போட்ட அறுகரிசிதானோ எண்டு ஒரு எண்ணம். பிழையான எண்ணம் எண்டு தெரியும். ஆனாலும் வருது." மூளை விடுதலையான பிறகும் நெஞ்சுக்குச் செய்தி போய்ச் சேரக் காலதாமதம் ஆகிறது. அந்தத் தாமதம் அவரைப் பொறுத்தமட்டில் ஏறத்தாழ இரண்டு வருடங்கள். பேரப்பிள்ளை பிறந்தபோது, மகள் குழந்தையை முதன்முதலாகத் தாயின் கையிலேயே கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சைச் சின்னம்மா எடுத்ததில்லை. இப்போது அந்த ஒழுங்கையிலே பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் படலையில் நின்று, "ரீச்சர், போட்டு வாறம்" என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.

கேள்வி கேட்பதன் பயன் இதுதான். மகள் கேட்டது தத்துவக் கேள்வியன்று, பெண்ணுரிமைக் கோஷமுமன்று. "என்ன குறைஞ்சது?" என்ற சாதாரணக் கேள்வி. இருபத்து மூன்று வருடங்களாக எவரும் சின்னம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. அவர் தன்னிடமும் கேட்டிருக்கவில்லை.

"இதெல்லாம் நம் முன்னோர் வகுத்தது, ஆதியிலிருந்து வருவது" என்று சிலர் சொல்லக்கூடும். முன்னோர்கள் யார், எப்போது, எங்கே என்று அவர்களிடம் கேட்க வேண்டும். கைம்மை நோன்பு பழமையானது என்பதில் ஐயமில்லை. புறநானூற்றின் 246 ஆவது பாடலிலே பூதபாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு அதன் கொடுமையை விவரிக்கிறார். நெய் கலவாத சோறு, எள்ளுத் துவையல், வேளைக்கீரை, பாயில்லாத பரற்கற் படுக்கை. அந்த வாழ்க்கையைவிடக் கணவனின் ஈமத்தீயே தனக்குக் குளிர்ந்த பொய்கை என்று சான்றோரிடம் வாதாடுகிறார். பலர் இதனைக் கற்பின் பெருமை என்று மேடைகளில் விளக்குவார்கள். நான் அதனை வேறொரு விதமாகவும் வாசிக்கிறேன். ஒரு பெண் உயிரோடு எரிவதைவிடக் கொடியதாக ஒரு வாழ்க்கையைச் சமூகம் வகுத்து வைத்திருந்தது என்பதற்கு இரண்டாயிரம் வருடப் பழைமையான சாட்சியம் அது. கைம்மையை அன்றே ஒரு பெண் வாய்திறந்து மறுத்திருக்கிறாள் என்பதற்கும் அதுவே சாட்சியம்.

எங்கள் யாழ்ப்பாணத்தையே எடுத்துக் கொள்வோம். ஒல்லாந்தர் காலத்திலே, 1707 இல் சட்டமாக்கப்பட்ட தேசவழமையில், கணவனை இழந்த பெண் மறுமணம் செய்து கொண்டால் முதற் திருமணத்துப் பிள்ளைகளின் சொத்துக்கள் எவ்வாறு பேணப்பட வேண்டும் என்று விதிகள் இருக்கின்றன. நடவாத ஒரு விடயத்துக்கு எவரும் விதி வகுப்பதில்லை. முந்நூறு வருடங்களுக்கு முன் நம் ஊரிலே மறுமணம் வழக்கிலிருந்தது. ஊர்ப் பெரியவர்களும் அதனை ஏற்று, அதன் சொத்துப் பிரச்சினையை மட்டும் தீர்க்க முயன்றிருக்கிறார்கள். மட்டக்களப்பிலே வீடும் வளவும் பெண்வழியாகச் செல்லும் வழமையால், கணவன் போனாலும் அவள் தன் தாய்வீட்டு மண்ணிலேயே நிற்கிறாள். அயலிலுள்ள முஸ்லிம் பெண்ணுக்கு இத்தா என்னும் காத்திருப்பு நான்கு மாதங்களும் பத்து நாட்களும். அதன்பின் அவள் விரும்பினால் மறுமணம் செய்யலாம். ஒரே தீவிலே, ஒரே மொழி பேசுகின்றவர்களிடையே, ஊருக்கு ஊர் மாறுகின்ற ஒன்று இயற்கை நியதியாக இருக்க முடியாது. அது மனிதர் வகுத்தது. ஆகவே மனிதர் மாற்றக் கூடியது.

மாற்றியும் இருக்கிறார்கள். என் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரை இங்கு நினைவுகூர விரும்புகிறேன். ‘இந்து’ பத்திரிகையை 1878 இல் தொடங்கியவர்களுள் ஒருவரும், ‘சுதேசமித்திரன்’ இதழின் நிறுவனருமான ஜி. சுப்பிரமணிய ஐயர். விதவை மறுமணத்தை ஆதரித்து எழுதுவதோடு அவர் நின்றுவிடவில்லை. இளம் வயதில் விதவையான தன் சொந்த மகளுக்கே 1889 இல் மறுமணம் செய்து வைத்தார். உறவினரின் ஒதுக்கலுக்கும் ஆளானார். சிறுமியாக இருக்கும்போதே விதவையான சகோதரி சுப்புலட்சுமி, 1911 இல் சென்னையில் பட்டம் பெற்று, தன்னைப் போன்ற இளம் விதவைகளுக்கு விடுதியும் கல்வியும் ஏற்படுத்தினார். பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலிலே கைம்மைக்கென்று ஒரு பகுதி உண்டு. நம் நாட்டிலே 1986 இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ என்ற கவிதைத் தொகுதி, பெண்கள் தம் வாழ்க்கையைத் தாமே கேள்விக்கு உட்படுத்தத் தொடங்கியதன் அடையாளம். எத்தனையோ பேர் ஏற்கனவே கேட்டுவிட்ட கேள்வியைத்தான் நாம் இன்னமும் நம் வீட்டு முற்றத்துக்குக் கொண்டு வராமல் இருக்கிறோம்.

யுத்தம் இந்தக் கேள்வியை நம் எல்லோருடைய முற்றத்திலும் கொண்டு வந்து வைத்தது. வடக்கு கிழக்கில் 89,000 விதவைகள் இருப்பதாக 2010 இல் அரசாங்கத் தரப்பில் கூறப்பட்டது. கிழக்கிலே 49,000, வடக்கிலே 40,000. அரசாங்க அறிக்கைகளிலே ‘பெண் தலைமைத்துவக் குடும்பங்கள்’ என்ற புதிய சொற்றொடர் வந்தது. கௌரவமான சொற்றொடர்தான். ஆனால் பிரதேச செயலகத்திலே குடும்பத் தலைவி என்று கையொப்பமிட்டுவிட்டு வருகின்ற அதே பெண், மாலையில் ஒரு மஞ்சள்நீராட்டு வீட்டிலே பின்வரிசை தேடிப் போய் அமர்கிறாள். அரசாங்கம் தந்த தலைமைத்துவத்தை அவள் வீட்டு ஒழுங்கை ஏற்றுக்கொள்ளவில்லை.

இவர்களுள்ளும் மிகக் கடினமான நிலை, காணாமல் ஆக்கப்பட்டோரின் மனைவியருடையது. சில வருடங்களுக்கு முன் கிளிநொச்சி மாவட்டத்திலே ஒரு பெண்ணைச் சந்தித்தேன். 2009 மே மாதத்தில் கணவன் படையினரிடம் சரணடைந்ததைத் தன் கண்ணாலே கண்டவர். அதன்பின் தகவல் இல்லை. அவர் நெற்றியிலே குங்குமப் பொட்டு வைத்திருந்தார். அந்தப் பொட்டுக்காக அவர் அனுபவித்தவை ஒரு நூலுக்குப் போதும். "புருசன் இல்லாமல் யாருக்காகப் பொட்டு?" என்று ஒரு பக்கத்தார் கேட்டார்கள். ஒரு தடவை காய்ச்சலாகக் கிடந்து பொட்டில்லாமல் கடைக்குப் போனபோது, "அவன் செத்துப் போனான் எண்டு நீயே முடிவு கட்டிப் போட்டியோ?" என்று மறுபக்கத்தார் கேட்டார்கள். வைத்தாலும் குற்றம், வைக்காவிட்டாலும் குற்றம்.

"இப்ப என்ன செய்கிறீர்கள் தங்கச்சி?" என்று கேட்டேன். அவர் தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "பொட்டு என்ர நெத்தியிலை இருக்கண்ணை. கதை அவையின்ர வாயிலை இருக்கு. இரண்டையும் நான் ஒண்டாக்கிறேல்லை."

இதைவிடத் தெளிவாக இந்த விடயத்தை எந்த அறிஞரும் எனக்கு விளக்கியதில்லை. கதை நிற்கவில்லை. கதைப்பவர்களும் திருந்தவில்லை. அவர் அவர்களோடு சண்டைக்கும் போகவில்லை. தன் நெற்றியிலே எது இருக்க வேண்டும் என்ற தீர்மானத்தை மட்டும் அவர்களின் கையிலிருந்து மீட்டுக் கொண்டார். அந்த ஒரு தீர்மானத்திலிருந்து மற்றவை தொடர்ந்தன. தேடிச் செல்லும் ஊர்வலங்களிலே படத்தை ஏந்தி நிற்கிறார். கிளிநொச்சியிலே 2017 பெப்ரவரி 20 இல் உறவினர்கள் தொடங்கிய தொடர் போராட்டத்திலும் சென்று அமர்ந்திருக்கிறார். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இறப்புச் சான்றிதழ் பெறாமலே, ஒருவர் காணாமற் போயுள்ளார் என்று அத்தாட்சிப்படுத்தும் சான்றிதழைப் பெறலாம் என்ற விபரத்தை அயலவர்களுக்கு எடுத்துச் சொன்னவரும் அவரே. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் எங்கே என்று தெரியாதபோது நீதிமன்றத்தின் மூலமே அதற்கு வழி தேட வேண்டும். பொட்டு ஒரு சின்ன விடயம் என்று நினைப்பவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். சமூகம் இவர்களுக்கு வைத்திருப்பது சுமங்கலி, அமங்கலி என்ற இரண்டு பெட்டிகளே. இரண்டிலும் அடங்காத ஒரு பெண் தன் துயரத்தைக்கூட எந்தப் பெயரில் அழுவது என்று தெரியாமல் நிற்கிறாள்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில இடங்களிலே விதவைகளை மேடையேற்றி, பிரமுகர்கள் முன்னிலையில் பொட்டும் பூவும் வைத்துவிடும் நிகழ்ச்சிகள் நடப்பதுண்டு. நோக்கம் நல்லதுதான். ஆனால் மேடையிலே தலைகுனிந்து நிற்கும் அந்தப் பெண்களின் முகங்களைப் பார்க்கும்போது, அவர்களுக்காகத் தீர்மானிப்பவர்கள் மாறியிருக்கிறார்களே தவிர, தீர்மானிக்கும் உரிமை இன்னமும் அவர்களிடம் வரவில்லையே என்று தோன்றுகிறது. கணவன்மீது கொண்ட அன்பினால், இனிப் பொட்டு வேண்டாம் என்று உளமார விரும்பும் பெண்ணும் இருக்கிறாள். என் தோழர் ஒருவரின் தாயார் அத்தகையவர். "எனக்கு வெள்ளைதான் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, பேத்தியின் அரங்கேற்றத்துக்கு முன்வரிசையிலே வெள்ளைச் சேலையோடு நிமிர்ந்து அமர்ந்திருந்தார். அவரிடம் குறை எதுவுமில்லை. வெள்ளையா சிவப்பா என்பதைவிட, அதனைத் தெரிவு செய்தது விருப்பமா அச்சமா என்பதே முக்கியம்.

அந்த வேறுபாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? என்னிடம் மந்திரம் எதுவும் இல்லை. கேட்கத் தெரிந்த தொழில் என்னுடையது என்பதால் சில கேள்விகளை மாத்திரம் சொல்ல முடியும். செய்தியொன்று மேசைக்கு வந்தால், இதைச் சொன்னது யார், அவருக்கு எப்படித் தெரியும், இதனால் யாருக்கு நன்மை, மறுபக்கத்தாரைக் கேட்டாயிற்றா என்று பார்ப்போம். இவற்றுக்குப் பதில் இல்லாத செய்தியை அச்சுக்கு அனுப்ப மாட்டோம். "உன் முகம் கூடாது" என்பதும் ஒரு செய்திதான். அதனை ஒரு பெண்ணின் மனத்திலே அச்சேற்றுவதற்கு முன் எவரும் இந்தக் கேள்விகளைக் கேட்டதில்லை. அவளாவது கேட்க வேண்டும். சொன்னவர் பெயரைத் தேடிப் போனால் எவரும் இருக்க மாட்டார்கள். ‘ஊர்’ என்று மட்டும் இருக்கும். ஆதாரம் தேடினால், கணக்கியல் படித்த மகள் கண்டது போல, எதிர்மாறான ஆதாரமே கிடைக்கும்.

அழுவது வேறு, ஒதுங்குவது வேறு என்பதையும் அவள் பிரித்து அறிய வேண்டும். துயரம் அவளுடையது, அதற்கு அவளுக்கு முழு உரிமை உண்டு. எத்தனை வருடம் அழ வேண்டும், எப்போது சிரிக்கலாம் என்பதற்கு எவரும் கால அட்டவணை தர முடியாது. ஆனால் கூச்சம் அவளுடையதன்று. அது வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்கப்பட்டது. எறிகணை விழுந்ததற்கோ, நோய் வந்ததற்கோ, கணவன் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டதற்கோ அவள் ஏன் கூச வேண்டும்? துயரத்தை வைத்துக்கொண்டு கூச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். தன்னைத் தானே ஏற்றுக்கொள்ளுதல் என்பதற்கு எனக்குத் தெரிந்த பொருள் இவ்வளவுதான்.

இந்தப் பொறுப்பு முழுவதையும் அவள் தலையிலேயே சுமத்துவதும் நியாயமன்று. ஒதுங்கி நிற்பவள் முன்னே வருவதற்கு, முன்னே நிற்பவர்கள் கொஞ்சம் இடம் விட வேண்டும். சின்னம்மாவுக்கு ஒரு மகள் கேட்டாள். கேட்பதற்கு மகள் இல்லாதவர்களுக்கு மருமகன் கேட்கலாம், சகோதரன் கேட்கலாம், அயலவர் கேட்கலாம், ஐயரும் கேட்கலாம். அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒரு நல்ல காரியம் நடக்கும்போது சமையற்கட்டுப் பக்கம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். முந்நூறு பணியாரம் சுட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி நிற்கும் ஒருவர் அங்கே இருப்பார். அவரிடம் அறுகரிசித் தட்டை நீட்டுங்கள். முதலில் மறுப்பார். மறுபடியும் நீட்டுங்கள்.

அண்மைக் காலமாக என் மேசைக்கு வரும் திருமண அழைப்பிதழ்களிலே ஒரு மாற்றத்தைக் காண்கிறேன். தந்தை இல்லாத வீடுகளில், தாய்மாமன் பெயருக்குப் பதிலாகத் தாயின் பெயர் தனியாக அச்சிடப்பட்டு, அவரே எங்களை அழைக்கிறார். எண்ணிக்கையிற் குறைவுதான். ஆனால் வருகின்றன. அத்தகைய அழைப்புக் கிடைக்கும்போது, எவ்வளவு வேலை இருந்தாலும் அந்தத் திருமணத்துக்குப் போய்விடுவது என் வழக்கமாகி இருக்கிறது.